பெரியநாயகி அன்னையும் திருநாள் மன்றாட்டும்

நம் குலத்தாருள் விருத்தாசலத்தையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் உறைவிடமாகக் கொண்டோர் வழிபாட்டு நெறியால் இரு திறத்தினராவர். ஒரு சாரார் பழமலைநாதரையும் பெரியநாயகியம்மையையும் வணங்குவோர். மற்றொரு சாரார் கத்தோலிக்க வேதத்தைத் தழுவித் தலைமுறை பலவாக மாதா கோயிலில் செபமாலை ஓதுவோர். நெறி இரண்டாயினும் குடி ஒன்று. ஒரு சாரார் வீட்டு மணப்பந்தலில் மற்றொரு சாரார் முன்னின்று உழைப்பதும், ஒரு சாரார் திருநாளுக்கு மற்றொரு சாரார் வண்டி கட்டிக்கொண்டு வருவதும் நம் முன்னோர் காலந்தொட்டு நிகழ்ந்துவரும் வழக்கமாம்.

இங்ஙனமிருப்ப, அண்மையில் இப்பத்திரிகைக்கு வந்த கடிதங்களுள் இரண்டு எம் கருத்தை ஈர்த்தன. அன்பரொருவர், புனிதர்க்குத் திருநாள் எடுத்து மன்றாடுதல் முழுவதும் அந்நிய தேயத்திலிருந்து வந்த வழக்கமென்றும், நம் குல சரித்திரத்தில் அதற்கு இடமில்லையாதலின் அதுபற்றி இப்பத்திரிகையில் ஒன்றும் எழுதலாகாதென்றும் வரைந்திருந்தார். மற்றொருவர், கத்தோலிக்க வேதத்தைச் சார்ந்த இளைஞரே. தம் பாட்டிமார் ஓதும் பழைய செபங்கள் வடமொழியும் பறங்கிமொழியும் விரவிய பிழைத்தமிழென்றும், அவற்றை மறந்துவிடுதலே நன்றென்றும் எழுதியிருந்தார். இருவரும் நன்னோக்கமுடையவரே. ஆயினும் இருவர் கூற்றும் சரித்திரத்தோடு பொருந்துமா என்று ஆராய்தல் நம் கடமையாகின்றது. தமிழாசிரியராய் நாளும் ஏட்டோடு பழகுகின்ற யாம் எமக்குத் தெரிந்த அளவில் இதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

திருநாள் என்பது யாது?

கிறிஸ்தவ சபையில் ஒரு புனிதருடைய திருநாள் என்பது பெரும்பாலும் அவர் பிறந்த நாளன்று. அவர் உயிர் துறந்த நாளேயாம். அந்நாளையே அவர் விண்ணுலகிற் பிறந்த நாளாக முன்னோர் கொண்டனர். இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா என்னும் நகரத்தில் போலிகார்ப்பு என்னும் முதிய ஆயர் வேதத்தின்பொருட்டுக் கொலையுண்டார். இந்நகரம் இக்காலத்துத் துருக்கி நாட்டில் உள்ளது. அவ்வூர்ச் சபையார் அவருடைய எலும்புகளைத் தொகுத்து அடக்கஞ்செய்து, ஆண்டுதோறும் அந்நாளில் ஆங்குக் கூடி மகிழ்ந்து வழிபடுவதெனத் துணிந்தனர். புனிதர் திருநாளுக்கு நாம் காணும் மிகப் பழைய சான்றுகளுள் இஃதொன்று.

தமிழர்க்கு இக்கருத்துப் புதியதன்று. அறுபத்துமூன்று நாயன்மார்க்கும் நாம் குருபூசை செய்வது அவர்கள் சிவபதம் எய்திய நட்சத்திரத்திலன்றோ? அப்பருக்குச் சித்திரைச் சதயமும், சம்பந்தருக்கு வைகாசி மூலமும், சுந்தரருக்கு ஆடிச் சுவாதியும் அங்ஙனம் அமைந்தனவே. அவற்றினும் பழமையாகப் போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டுப் பெயர் பொறித்துப் பூச்சூட்டிய நடுகல் வழக்கம் தொல்காப்பியத்திலேயே கூறப்பெற்றுள்ளது. நன்று செய்து மாண்டாரை ஆண்டுக்கொரு நாள் ஊர்கூடி நினைத்தல் மக்கட்குலம் முழுவதற்கும் பொதுவாகிய பண்பென்க.

ஈண்டு ஓர் ஐயம் எழும். புனிதரை வணங்குதல் கடவுளை வணங்குதலாகுமோ எனின், ஆகாதென்பதே அச்சமயத்தார் முடிபு. ஆராதனை கடவுள் ஒருவர்க்கே உரியது, புனிதர்க்குரியது வணக்கம். 787-ஆம் ஆண்டில் நீசேயா நகரிற் கூடிய சங்கமும், 1563-ஆம் ஆண்டில் திரெந்து நகரத்துச் சங்கமும் இவ்வேறுபாட்டை வரையறுத்தன. புனிதரை நோக்கி ஓதுவது, அவர் தாமே அருள்க என்பதன்று. எமக்காகக் கடவுளிடம் பரிந்து பேசுக என்பதேயாம். ஆதலின்றான் அதற்கு மன்றாட்டு என்னும் பெயர் அமைந்தது. மன்றம் ஏறிப் பிறர்பொருட்டு முறையிடுதல் என்னும் பொருள் அச்சொல்லில் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. தொல்காப்பியனார் கூறிய புறநிலை வாழ்த்தில், நீ வழிபடும் தெய்வம் நின்னைக் காக்க, நின் வழி தழைக்க எனப் புலவன் இடைநின்று வாழ்த்துகின்றான். ஒருவர்க்காக மற்றொருவர் இடைநிற்கும் அன்பே இரண்டிற்கும் அடிப்படை.

தமிழில் செபம் வந்த வரலாறு

1542-ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கு சவேரியார் கோவைக்கு வந்து, அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறைக் கடற்கரையை அடைந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தாரைத் துணைக்கொண்டு விசுவாசப் பிரமாணம் முதலிய செபங்களைத் தமிழிற் பெயர்ப்பித்து, அவற்றை நெட்டுருச் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டி ஓதுவித்தார். அவர் கற்பித்தது ஏட்டை அன்று, ஓசையை. 1552-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ஆம் நாள் சீனக் கரையருகே அவர் உயிர் துறந்தார். இன்றும் கோட்டாற்றில் அந்நாளை ஒட்டி அவர் திருநாள் பெருஞ்சிறப்பாக நடைபெறுகின்றது.

ஓசையாக இருந்த செபம் எழுத்தாகத் தொடங்கியது 1554-ஆம் ஆண்டில். அவ்வாண்டு லிஸ்போவா நகரத்தில் தமிழ்ச் செபங்கள் இலத்தீன் எழுத்தில் அச்சாயின. பின்னர் அண்டிரிக்கு அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் சிறுநூலைத் தமிழெழுத்தில் அச்சிடுவித்தார். இந்திய மொழிகளுள் முதன்முதல் தன் எழுத்திலே அச்சேறிய மொழி தமிழென்று நாம் பெருமை கொள்ளுகின்றோமே, அப்பெருமைக்குக் காரணமாகிய புத்தகம் ஒரு செபப்புத்தகம் என்பதை மறத்தலாகாது. அடுத்த ஆண்டு கிரிசித்தியானி வணக்கம் கொச்சியில் வெளிவந்தது. 1586-ஆம் ஆண்டில் அடியார் வரலாறு அச்சாயிற்று. அது புனிதர்களின் சரித்திரங்களைத் திருநாள்களையொட்டித் தொகுத்துக் கூறும் பெருநூல். பெரியபுராணம் அச்சுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, கடற்கரையிலிருந்த எளிய மக்கள் தம் திருநாள்களிற் படிக்கக் கேட்டற்பொருட்டு ஓர் அடியார் சரித்திரம் தமிழில் அச்சாகியிருந்தது. தமிழ் உரைநடையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் இதனை முதல் ஏடுகளிலேயே வைத்தல் வேண்டும்.

அந்நியமென்று கூறிய அன்பர் கருதற்குரியது மற்றொன்றும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடியது. அதன்பின்னரே பூசை மக்கள் மொழியில் நடைபெறலாயிற்று. அதற்குமுன் நானூறு ஆண்டுக்காலம் குருவானவர் பீடத்தில் ஓதியது இலத்தீன். அக்காலமெல்லாம் கோயிலில் தமிழ் ஒலித்த இடம் யாது? செபமாலையும், நவநாளும், புனிதர் பிரார்த்தனையும், வாசாப்பும், தேர்ப்பாட்டுமே. பூசை குருவின் மொழியில் இருந்தது. மன்றாட்டு மக்கள் மொழியில் இருந்தது. எனவே அவ்வழிபாட்டில் எப்பகுதி அந்நியமன்று என்று வினவின், இத்திருநாள் மன்றாட்டே என்று விடையிறுத்தல் தகும்.

விருத்தாசலத்துப் பெரியநாயகியும் கோணான்குப்பத்துப் பெரியநாயகியும்

இனி நம் நாட்டகத்துக்கு வருவோம். விருத்தாசலம் என்பது வடமொழிப் பெயர். முதுகுன்றம், பழமலை என்பன தமிழ்ப் பெயர்கள். மணிமுத்தாற்றங்கரையிலுள்ள இத்தலத்தை மூவரும் பாடியுள்ளனர். அம்மையின் திருநாமம் பெரியநாயகி. குருநமசிவாயர் இத்தலத்துக்கு வந்து பசியால் அன்னையை அழைத்தபோது முதியவள் என்னும் பொருள்படப் பாடினாரென்றும், அன்னை முதியவளாய் வந்து, கிழவி எங்ஙனம் சோறு கொணர்வாள் என்று வினவ, அவர் இளமை தோன்ற மாற்றிப் பாடினாரென்றும் வழங்கும் கதையை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். பெரியநாயகி என்பதற்கு ஆண்டால் முதியவள் என்பது பொருளன்று, பெருமையால் உயர்ந்தவள் என்பதே பொருளென்பது அக்கதையின் கருத்து.

இந்நகருக்கு வடக்கே, மங்கலம்பேட்டைப் பக்கத்தில், முகாசாபரூரை அடுத்துள்ளது கோணான்குப்பம். அங்குள்ள மாதாவின் பெயரும் பெரியநாயகியே. அப்பெயரை வழங்கியவர் வீரமாமுனிவர். இத்தாலிய நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்த கொன்ஸ்தன்சு யோசேப்பு பெஸ்கி என்னும் இயேசு சபைக் குருவே அவர். 1710-இல் கோவைக்கு வந்து, மறு ஆண்டில் மதுரை மிசியோனைச் சேர்ந்தார். தம் பெயரைத் தைரியநாதர் எனத் தமிழாக்கிக்கொண்டார். தமிழுலகம் அவரை வீரமாமுனிவர் என்றது.

கோணான்குப்பத்துக் கோயிலைப்பற்றி வழங்கும் செவிவழி வரலாறு நம் முதியோர் அனைவரும் சொல்லக்கூடியதே. முனிவர் காட்டுவழியே சென்றபோது வைத்துவிட்டுப்போன மாதாவின் சுரூபத்தை ஆடுமாடு மேய்க்கும் சிறுவர் கண்டெடுத்தனரென்றும், மகப்பேறின்றி வருந்திய முகாசாபரூர்க் கச்சிராயர் கனவில் அன்னை தோன்றினாளென்றும், அவருக்கு மகப்பேறு வாய்க்க அவர் அவ்விடத்திற் கோயில் எடுப்பித்தாரென்றும், பின்பு அவ்வழி வந்த முனிவர் இதனைக் கண்டு வியந்தாரென்றும் கூறுவர். தமிழ்ப் பெண்மணியைப்போல உடையுடுத்துக் கையிற் குழந்தையேந்திய கோலத்தில் மாதாவின் திருவுருவத்தை மணிலா நகரத்தில் முனிவர் செய்வித்து வரவழைத்தார் என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியாம். ஆண்டுதோறும் தை மாதத்தில் அங்குக் கொடியேறி நடைபெறும் பெருவிழாவுக்கு வருவோர் எச்சமயத்தார் என்று ஒருவரும் வினவுவதில்லை. பிள்ளைப்பேறு வேண்டித் தொட்டில் கட்டுவோரும், முதல் விளைச்சலைக் காணிக்கையாகச் சுமந்துவருவோரும் இரு சாராரிலும் உளர்.

பெயர் ஒற்றுமையைச் சற்றே சிந்திக்க. முதுகுன்றத்துத் தாயின் பெயர் இவ்வட்டாரத்தார் நாவிலும் நெஞ்சிலும் ஊறியிருந்ததை அறிந்தே முனிவர் அப்பெயரைத் தம் அன்னைக்கு இட்டாரென்பர். வெளிநாட்டுப் பெயர் ஒன்றைக் கொணர்ந்து அவர் இங்கு நடவில்லை; இங்கு வேரூன்றியிருந்த சொல்லையே எடுத்து ஆண்டார். நம் ஊர் பீங்கான் தொழிலுக்குப் பேர்போனது. அச்சு எவ்வூரில் செய்யப்பட்டதாயினும், அதில் வார்த்த மண் இவ்வூர் மண்ணாகவும், சுட்ட சூளை இவ்வூர்ச் சூளையாகவும் இருப்பின், அப்பாண்டத்தை இவ்வூர்ப் பாண்டமென்றே உலகம் விலைகொடுத்து வாங்குகின்றது. மன்றாட்டின் நிலையும் அத்தன்மைத்தே.

முனிவர் இயற்றிய தேம்பாவணி 36 படலமும் 3615 பாட்டும் உடைய பெருங்காப்பியம். அதன் தலைவர் சூசையப்பர் என்னும் வளனார். அவர் திருநாள் மார்ச்சு மாதம் 19-ஆம் நாள். ஒரு புனிதரைக் காப்பியத் தலைவராக வைத்துத் தமிழின் பழைய மரபு சிறிதும் வழுவாது நாடும் நகரும் பாடியது அருஞ்செயல். அவருடைய சிறு நூல்களே நம் பொருளுக்கு இன்னும் அணித்தானவை. ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அடைக்கல மாதாமீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். மாதாவின் துயரத்தைக் குறித்து அன்னை அழுங்கல் அந்தாதி பாடினார். கித்தேரியம்மாள் என்னும் கன்னிகையின் சரித்திரத்தை அம்மானையாகப் பாடினார். கித்தேரியம்மாள் திருநாள் மே மாதம் 22-ஆம் நாள். அம்மானை என்பது மகளிர் கூடிக் காயெறிந்து ஆடுங்கால் பாடும் பாட்டன்றோ? பெண்டிர் வாயிலே நின்றாலன்றி ஒரு செபமும் நிலைபெறாது என்பதை அம்முனிவர் அறிந்திருந்தார். அந்தாதியும் அவ்வாறே, ஒரு பாட்டின் ஈறு மறுபாட்டின் முதலாக வருதலின், ஒன்று நினைவுக்கு வந்தால் அடுத்தது தானே வரும். மணிமணியாகக் கோத்த செபமாலைக்கு இயைந்த யாப்பு அதனின் வேறில்லை. முனிவர் 1747-ஆம் ஆண்டு பெப்ருவரி 4-ஆம் நாள் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் மறைந்தார். 1693-ஆம் ஆண்டில் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டதும் பெப்ருவரி 4-ஆம் நாளே.

பிரார்த்தனையின் மொழி

இனி, பழைய செபங்கள் பிழைத்தமிழ் என்ற இளைஞருக்கு விடை கூறுவோம். அச்செபங்களில் இஸ்பிரீத்துசாந்து என்னும் போர்த்துகேசியச் சொல்லும், அர்ச்சியசிஷ்ட என்னும் வடமொழித் திரிபும், சிலுவை என்னும் சுரியானிச் சொல்லும், ஆமென் என்னும் எபிரேயச் சொல்லும் ஒருங்கே காணப்படுகின்றன. உண்மையே. ஆயின் இவை பிழைகளல்ல, கால அடுக்குகள். கிணறு தோண்டுவோன் செம்மண், களிமண், மணல், சரளை என ஒவ்வோர் அடுக்காகக் கண்டு இந்நிலம் இன்னவாறு உண்டாயிற்று என்று கூறுவதுபோல, இச்சொற்களைக் கொண்டு இவ்வேதம் எவ்வெக் கரையிலிருந்து எவ்வெக்காலத்தில் வந்ததென்று கூறிவிடலாம். இன்று புனித என்றும் தூய ஆவி என்றும் திருப்பலி என்றும் திருத்தமாக வழங்குகின்றோம். நன்று, புதியது வருதல் வேண்டும். ஆயினும் புதியதைப் படிப்பதற்காகப் பழையதைக் கிழித்தெறிவோன் கல்விமானாகான்.

பெயர்களைத் தமிழாக்கிய திறத்தையும் நோக்குக. பாறை என்னும் பொருளுடைய பேதுரு இராயப்பரானார். சிறியவர் என்னும் பொருளுடைய பவுல் சின்னப்பரானார். கடவுளின் அருள் என்னும் பொருளுடைய யோவான் அருளப்பரானார். லாசர் என்னும் பெயர் தேவசகாயம் ஆயிற்று. அத்தேவசகாயம் என்னும் பெயரைப் பூண்டு 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுடப்பட்டு மாண்டவர் இல்லறத்தார், குருவல்லர். அவர் 2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் உரோமாபுரியிலே புனிதராக உயர்த்தப்பெற்றார். நோய்க்காலத்தில் மன்றாடப்படும் ரோக்கு என்னும் பிராஞ்சு நாட்டுப் புனிதர் தமிழ்நாட்டில் ஆரோக்கியநாதரானார். அவர் திருநாள் ஆகஸ்டு 16. கொள்ளைநோய்க்கு அஞ்சி மன்றாடப்படும் செபஸ்தியார் திருநாள் ஜனவரி 20. அந்தோணியார் லிஸ்போவாவிற் பிறந்து 1231-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் பதுவை நகரருகே மறைந்தவர். காணாமற்போன பொருளுக்கு அவரிடம் மன்றாடாத கிழவி நம் நாட்டில் இல்லை. கச்சத்தீவிலே அவர் கோயில் திருநாளில் இராமேச்சுரத்து மீனவரும் யாழ்ப்பாணத்து மீனவரும் ஒருங்கு கூடி ஒரே தமிழில் மன்றாடுகின்றனர். கடல் பிரித்தாரை ஒரு பிரார்த்தனை சேர்க்கின்றது.

பிரார்த்தனையின் யாப்பும் நோக்கத்தக்கது. புனிதரை நோக்கிய செபம் ஒவ்வொன்றும் பெரும்பாலும் நான்கு உறுப்புடையது. முதலில் விளி, இரண்டாவது, அவர் செய்த அருஞ்செயலொன்றை நினைப்பூட்டுதல், மூன்றாவது, நம் வேண்டுகோள், நான்காவது, இவையெல்லாம் கிறிஸ்துநாதர் வழியாகவே ஆகுக என்னும் முடிபு. பிரார்த்தனை மாலையில் ஒருவர் புனிதரின் அடைமொழியொன்றை நீட்டிச் சொல்ல, கூடியிருப்போர் அனைவரும் எமக்காக மன்றாடுக என்னும் கருத்துடைய ஒரே மறுமொழியைத் திரும்பத் திரும்பக் கூறுவர். முன்னவருக்கு எழுத்தறிவு வேண்டும், பின்னவர்க்கு வேண்டா. எழுத்தறிவில்லாத கிழவியும், மூன்று வயதுக் குழந்தையும், கூலிவேலை முடித்துக் களைத்து வந்தவனும் ஒருங்கே பங்குகொள்ளக்கூடிய வழிபாடு இதனினும் எளிதாக வேறொன்று அமைத்தல் அரிது. அதனை எழுத்தெண்ணிப் பிழை காண்பது, தாலாட்டுக்குத் தளை தட்டுகின்றதென்று தாயை நிறுத்துவதை ஒக்கும்.

குருமார் இல்லாத காலம்

இம்மன்றாட்டுக்களின் பெருமை நன்கு விளங்கிய காலம் ஒன்றுண்டு. 1759-ஆம் ஆண்டில் போர்த்துகல் அரசு தன் ஆட்சிக்குட்பட்ட இடங்களினின்று இயேசு சபையாரை அகற்றியது. 1773-ஆம் ஆண்டில் பதினான்காம் கிளமெந்து பாப்பரசர் அச்சபையையே கலைத்தார். மதுரை மிசியோன் புதுச்சேரியிலிருந்த பாரிஸ் அந்நிய வேதபோதக சபையாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர்களோ மிகச் சிலர், நாடோ பரந்தது, படையெடுப்பும் பஞ்சமும் இடையிடையே வந்தன. இயேசு சபை 1814-இல் மீண்டும் நிறுவப்பெற்றபோதிலும், அச்சபையார் மதுரை நாட்டுக்குத் திரும்பியது 1838-இலேதான்.

ஏறக்குறைய இரண்டு தலைமுறைக் காலம் பல ஊர்கள் குருவானவர் முகத்தைக் காண்பதே அரிதாயிருந்தது. பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. ஆயினும் வேதம் அழிந்ததோ? இல்லை. உபதேசியார் ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொன்னார். வீரமாமுனிவர் அத்தகைய உபதேசியார்க்கென்றே வேதியரொழுக்கம் என்னும் நூலை எழுதிவைத்திருந்தார். வீட்டுத் திண்ணையிலும் மாட்டுக்கொட்டிலிலும் பெண்டிர் ஐம்பத்துமூன்று மணிச் செபம் ஓதினர். திருநாள் வந்தபோது ஊரார் தாமே சப்பரம் கட்டினர். தாமே பிரார்த்தனை பாடினர். குருவில்லாத கோயிலைக் காத்தது பெண்டிரின் நினைவாற்றலும் உபதேசியாரின் ஓலைக்கட்டுமே. இதனைச் சரித்திர நூல்கள் சில வரிகளிற் கூறிக் கடந்துவிடுகின்றன. நம் குலத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இன்றும் அவ்வேதத்திலே நிற்பதற்குக் காரணம் அவ்வரிகளில் அடங்கிக் கிடக்கின்றது. ஆகவே, குல சரித்திரத்தில் இதற்கு இடமில்லை என்பது எவ்வாறு பொருந்தும்? நம் பாட்டிமாரின் பாட்டிமார் செய்த தொண்டன்றோ இது?

நாம் செய்யத்தக்கன

இதுகாறும் கூறியவற்றால், திருநாள் மன்றாட்டு நம் மொழியோடும் நம் குடியோடும் ஒன்றியதென்பது பெறப்படும். இனி, நம் கடமை யாதென ஆராய்வோம்.

முதலாவது, ஏடுகளைக் காத்தல். நம் வீடுகள் பலவற்றில் பாட்டிமார் கையெழுத்தாலாகிய செபக் குறிப்பேடுகள் உள்ளன. சிலவற்றில் அச்சில் வராத பிரார்த்தனைகளும், தேர்ப்பாட்டுக்களும், நவநாட் செபங்களும், வாசாப்புப் பகுதிகளும் காணப்படுகின்றன. எம் மாணாக்கர் கொணர்ந்த சில ஏடுகளை யாமே கண்ணுற்றோம். கரையானும் மழைநீரும் அவற்றை ஆண்டுதோறும் குறைத்துவருகின்றன. முதியவரொருவர் மறைந்தவுடன் அவர் பெட்டியிலுள்ள ஏடு பழைய காகிதத்தோடு எடைக்குப் போகின்றது. சுவடி தேடி அலைந்த உ. வே. சாமிநாதையரவர்களுடைய வரலாற்றைப் பள்ளியில் வியந்து படிக்கின்ற நாம், நம் வீட்டுப் பரணிலுள்ள ஏட்டை எடைக்குப் போடுவது தகுமோ? இளைஞர்கள் அவற்றைப் படியெடுத்தும் புகைப்படமெடுத்தும் காத்தல் வேண்டும். எழுத்தில் இல்லாதவற்றை முதியோர் வாயிலாகக் கேட்டு ஒலிப்பதிவு செய்தல் இக்காலத்தில் எளிது. ஒவ்வொருவர் கையிலும் அதற்குரிய கருவி உள்ளது. சொற்களைத் திருத்தாது, ஓதுமாறே எழுதல் வேண்டும். திருத்தம் பிறகு செய்யலாம். மறைந்ததை மீட்டல் இயலாது.

இரண்டாவது, சொல்லுதற்குக் கடினமாயினும் சொல்லாதொழியக் கூடாத ஒன்று. திருநாள்களில் நம்மவர் சிலர் மன்றாட்டை மறந்து முதல் மரியாதைக்கு வழக்காடுகின்றனர். தேர்வடத்தை முன்னர்த் தொடுவோர் யார், கொடியை ஏந்துவோர் யார், தேர் எத்தெருவில் வரலாம், எத்தெருவில் வரலாகாது என்பனபற்றி எழும் பூசல் சிவன் கோயிலிலும் உண்டு, மாதா கோயிலிலும் உண்டு. அதனால் தேர் நிலையிலேயே நின்றுபோன திருநாள்களும், நீதிமன்றப்படி ஏறிய குடும்பங்களும் பல. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயிலினுள்ளே மக்களைச் சாதியாற் பிரித்து நின்ற சுவர் 1910-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டதையும், அது வழக்காகி மன்றமேறியதையும், இடித்தது சரியென்றே முடிந்ததையும் நம்மவர் அறிதல் நன்று. சுவர் எழுப்பியோர் அதனைத் தம் பெருமை என்று கருதினர். இன்று அச்சுவரைப் பெருமையாகப் பேசுவார் ஒருவருமிலர்.

நாம் குலச் சங்கம் வைத்திருப்பது நம் பிள்ளைகள் கல்வி பெறவும், வறியார் துயர் தீரவும், நம்முள் ஒற்றுமை வளரவும் ஆம், பிறரைத் தாழ்த்துதற்கன்று. ஆரோக்கியநாதர் கொள்ளைநோயுற்றாரைத் தொட்டுப் பேணியவர் என்று கூறி மன்றாடிவிட்டு, அம்மன்றாட்டு முடிந்தவுடன் இன்னார் தேரைத் தொடலாகாதென்று நிற்போமாயின், அச்செபத்தின் இரண்டாம் உறுப்பே நம்மைக் குற்றஞ்சாட்டுமன்றோ? புனிதர் செயலை நினைப்பூட்டியபின்னரே வேண்டுகோள் வரவேண்டும் என்று முன்னோர் அமைத்த முறை வெறும் யாப்பு முறையன்று. எவருடைய பெயரைச் சொல்லி வேண்டுகின்றோமோ அவர் வழியில் ஓரடியாயினும் நடந்த பின்னரே வாய் திறத்தல் வேண்டும் என்பது அதன் உட்கருத்து. சிவநெறி நிற்கும் நம் சகோதரர்க்கும் இது பொருந்தும். நந்தனாரைப் பாடிப் பரவும் நாவினால், எவர்க்கும் வழியை மறுத்துப் பேசலாகாது.

வரும் தைத் திங்களில் கோணான்குப்பத்துக் கொடியேறும். அடுத்துவரும் மாசி மகத்தில் பழமலைநாதர் பெருவிழா நிகழும். நம் குடும்பத்தார் இரண்டிற்கும் செல்வர், என்றும் சென்றவரே. செல்லுங்கால் பெரியோர் தம்முடன் பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்க. பெரியநாயகி என்னும் ஒரு பெயர் இரு கோயிலிலும் விளங்குவதன் காரணத்தை அவர்களுக்கு எடுத்துரைக்க. வீட்டிலுள்ள செப ஏட்டைத் திறந்து, புரியாத சொற்களுக்குப் பொருள் கூறுக. தேர் வருங்கால், வடத்தில் இடம் கேட்டு நிற்பவர் எவராயினும் அவருக்குச் சற்றே நகர்ந்து இடங்கொடுக்க. இவற்றைச் செய்வோமாயின் நம் முன்னோர் காத்துத் தந்ததை நாமும் காத்தவராவோம்.

அனைவர்க்கும் நலம் உண்டாவதாக.